கள்ளரைத் தடுக்க எழுந்த மதில்

இலண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் ஆறு பெரியதொரு வளைவாக வளைந்து ஓடுகிறது. அந்த வளைவுக்குள் அடங்கிய நிலத்துக்கு 'நாய்த்தீவு' என்று பொருள்படும் பெயர். அங்கே, விண்ணை முட்டும் வங்கி மாளிகைகளின் நிழலில், இருநூறு ஆண்டுகளைக் கடந்த பண்டகசாலை ஒன்று நிற்கிறது. செங்கற் சுவர், கனத்த மரத்தூண்கள், வரிசை வரிசையாகச் சாளரங்கள். சாளரந்தோறும் இரும்புக் கம்பிகள், கம்பிகளில் கூரிய முட்கள்!

புதிதாகக் காண்போர், சிறைச்சாலையோ என்று ஐயுறுவர். சிறைச்சாலை அன்று, சர்க்கரைக் கிடங்கு. கொலைகாரனைப் பூட்டி வைக்க முள் வைத்த கம்பி வேண்டும், சர்க்கரைக்கு எதற்கு?

கள்ளரைத் தடுக்க, என்று விடை தந்தனர் அதைக் கட்டிய கனவான்கள். விடை சரிதான். கள்ளர் இருந்தது மெய், களவு நடந்ததும் மெய். ஆனால் கள்ளர் மதிலுக்கு வெளியே நின்றனரா, உள்ளே இருந்தனரா? அந்த ஒரு கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல, இலண்டன் மாநகருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த விடையின் கதைதான் இந்தப் பண்டகசாலையின் கதை.

கிடங்கு பிறந்த வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தேம்ஸ் ஆற்றில் கப்பல்கள் நெருக்கியடித்து நின்றன. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரையும் ரம் மதுவும் காப்பியும் ஏற்றிவந்த கலங்கள், சரக்கை இறக்க வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. நடு ஆற்றில் நிற்கும் கப்பலிலிருந்து படகுக்கு, படகிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து கிடங்குக்கு என்று கை மாறிக் கை மாறிச் சென்றது சரக்கு. மாறிய கைகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

தரையில் சிந்திய சர்க்கரையைக் கூட்டி அள்ளிக்கொள்வது, சுமை தூக்குவோரின் பழைய வழக்கம். அதைக் கூலியின் ஒரு பகுதியாகவே அவர்கள் கருதினர். கொடுத்த கூலி வயிற்றுக்குப் போதாது. ஆகவே சிந்தியது கூலி! முதலாளிகளோ அதற்குக் களவு என்று பெயரிட்டனர். பாட்ரிக் கோல்குன் என்ற நீதிபதி கணக்கெடுத்தார். ஆற்றிலே வேலை செய்வோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திருடர் என்று எழுதினார். 1798 இல், மேற்கிந்திய வணிகர்களின் பணத்தைக் கொண்டே ஆற்றுக்கென ஒரு போலீஸ் படை அமைக்கப்பட்டது. காவல் காப்பவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் வணிகன் என்றால், எவனைக் கள்ளன் என்று பிடிப்பான் காவலன்? விளக்கம் வேண்டுவதில்லை.

போலீஸ் மட்டும் போதாது, கோட்டை வேண்டும் என்றனர் வணிகர். முன்னின்றவர் ராபர்ட் மில்லிகன். ஸ்காட்லாந்தில் பிறந்து, ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில் செல்வம் சேர்த்து, இலண்டனில் குடியேறியவர். அவருக்குத் துணையாக ஜார்ஜ் ஹிப்பர்ட், அவரும் அடிமைச் செல்வத்தில் கொழித்த வணிகர். 1799 இல் பாராளுமன்றம் சட்டம் செய்து கொடுத்தது. 1800 ஜூலை 12 ஆம் நாள் பிரதமர் பிட் முன்னிலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1802 ஆகஸ்டு 27 ஆம் நாள் மேற்கிந்தியக் கப்பல்துறை திறக்கப்பட்டது.

வில்லியம் ஜெசப் என்ற பொறியாளரும், ஜார்ஜ் குவில்ட் என்ற கட்டடக் கலைஞரும் அவர் மகனும் அமைத்த அந்தத் துறை, அக்காலத்தார் வியந்து பார்த்த ஒன்று. இறக்குமதிக்கு ஒரு பெருங்குளம், ஏற்றுமதிக்கு மற்றொன்று. வடகரையில் ஒன்பது பண்டகசாலைகள், ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்குத் தோளோடு தோள் உரச நின்றன. எல்லாவற்றையும் வளைத்து இருபது அடி உயர மதில், மதிலையடுத்து அகழி, வாயிலில் காவல். வேலை முடிந்து வெளியேறும் தொழிலாளியைச் சோதித்து அனுப்பினர்.

இன்னொரு சலுகையும் பெற்றனர். இலண்டனுக்கு வரும் மேற்கிந்தியச் சரக்கு, புகையிலை நீங்கலாக, 21 ஆண்டுகளுக்கு இந்தத் துறையில் மட்டுமே இறங்க வேண்டும், வேறெங்கும் இறங்கலாகாது! சட்டத்தின் துணையோடு கிடைத்த ஏகபோகம். மதிலுக்கு வெளியே நின்ற ஏழை ஒரு பிடி சர்க்கரை எடுத்தால் களவு. மதிலுக்கு உள்ளே இருந்தவன் ஒரு நாட்டின் சர்க்கரை வாணிகத்தையே எடுத்துக்கொண்டால் அது சட்டம்!

பீப்பாய்க்குள் இருந்தது என்ன?

கிடங்கில் அடுக்கப்பட்ட பீப்பாய்கள் எங்கிருந்து வந்தன? ஜமைக்கா, பார்படோஸ், அன்டிகுவா, டெமரரா முதலிய இடங்களின் தோட்டங்களிலிருந்து. அங்கே கரும்பு நட்டவர் யார்? வெட்டியவர் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்ட மக்கள்.

நான்கு நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர் அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கப்பலேற்றப்பட்டனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். உயிரோடு கரை சேர்ந்தோர் 1 கோடியே 7 லட்சம் அளவினர். இடைப்பட்டோர் கடலுக்கு இரையாயினர். பிரிட்டிஷ் கப்பல்கள் மட்டும் சுமந்தது முப்பது லட்சத்துக்கும் மேல்.

அந்தக் கப்பல்களில் ஒன்று 'ஸோங்'. 1781 இல் அதன் மாலுமிகள், குடிநீர் போதவில்லை என்று சொல்லி, உயிரோடிருந்த 130 க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரைக் கடலில் வீசினர். பிறகு கப்பலின் சொந்தக்காரர்கள் என்ன செய்தனர் தெரியுமா? இழந்த சரக்குக்குக் காப்பீட்டுத் தொகை கேட்டு வழக்காடினர்! 1783 இல் இலண்டன் நீதிமன்றத்தில் நடந்தது அந்த விசாரணை. கொலை வழக்கு என்று அதை நடத்தவில்லை, பண வழக்காகவே நடத்தினர். மனிதன் பண்டமாகிவிட்டபின், கொலை என்ற சொல்லுக்கே சட்டத்தில் இடமில்லாமற் போயிற்று.

கரை சேர்ந்தவர் கதி? நம் நாட்டுக் கரும்பாலையைக் கண்டவர்களுக்கு அந்த ஆலையை விளக்க வேண்டுவதில்லை. சுழலும் உருளைகள், அவற்றிடையே கரும்பைத் திணிக்கும் கைகள். இரவும் பகலும் ஓயாத அறுவடைக் காலத்தில், தூக்கம் கண்ணைச் சுழற்ற, ஒரு நொடி தவறினால் உருளை கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதற்காகவே உருளையின் அருகில் கூரிய வெட்டுக்கத்தி ஒன்றைத் தயாராக வைத்திருந்தனர். உருளையை நிறுத்துவதற்கன்று அந்தக் கத்தி. கையை வெட்டி ஆளை மீட்பதற்கு! ஆலையில் கையிழந்த அடிமையை, பிரெஞ்சுப் பேரறிஞர் வால்டேர் 1759 இலேயே தம் 'காண்டீட்' கதையில் கொண்டுவந்து ஐரோப்பாவின் முன் நிறுத்தினார். படித்தனர், பாராட்டினர், தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக் குடித்தனர்.

மில்லிகன் 1809 இல் இறந்தபோது, ஜமைக்காவில் அவருக்கு இரண்டு கரும்புத் தோட்டங்களும் 526 அடிமைகளும் இருந்தனர். ஐந்நூற்று இருபத்தாறு மனிதர்! அவர்களின் உழைப்பை, உறக்கத்தை, பெற்ற பிள்ளைகளை எல்லாம் எடுத்துக்கொண்டவர், சிந்திய சர்க்கரையை எவனோ அள்ளிவிட்டான் என்று இருபது அடி மதில் எழுப்பினார்.

ஆண்டவன் பெயராலும்

இவ்வளவு கொடுமையைச் சமயம் கண்டிக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். கண்டித்த கிறித்தவர் இருந்தனர். குவேக்கர்கள் முன்வரிசையில் நின்று போராடினர். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் நிறுவனமாக நின்ற திருச்சபை எங்கே நின்றது? பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் தோட்டங்கள் என்று இரண்டு. அவற்றின் உரிமையாளர், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த வேதப் பிரசாரச் சங்கம். அங்கிருந்த அடிமைகளின் மார்பில், 'சங்கம்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய சூட்டுக்கோலால் பொறித்தனர். ஆன்மாவை மீட்க வந்தவர்கள் உடலில் முத்திரையிட்டனர்!

1807 இல் இலண்டனில் ஒரு விவிலியப் பதிப்பு வெளிவந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே தயாரித்த பதிப்பு. எகிப்தின் அடிமைத்தளையை உடைத்து ஒரு மக்கள் கூட்டம் வெளியேறிய பகுதியை அதிலிருந்து நீக்கிவிட்டனர். பணிந்து நட என்று சொல்லும் பகுதிகள் மட்டும் பத்திரமாக இருந்தன. எந்தப் பக்கத்தை அடிமை படிக்கலாகாது என்பதை ஆண்டான் நன்கு அறிந்திருந்தான். நூலைப் படிப்போர் அச்சிட்ட பக்கத்தோடு நின்றுவிடாமல், நீக்கிய பக்கத்தையும் தேட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை, அடிமை வாணிகத்தில் தனக்கிருந்த பங்குக்காக 2006 இல் மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

விடுதலை யார் தந்தது?

வள்ளல்கள் மனம் இரங்கினர், அடிமை முறை ஒழிந்தது என்று சுருக்கமாகச் சொல்லி முடிப்பவர் உண்டு. வரலாறு அவ்வளவு சுருக்கமானதன்று.

1760 இல் ஜமைக்காவில் டாக்கி என்பவன் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1791 இல் பிரெஞ்சுக்காரரின் செயின்ட் டொமிங்கு தீவில் மூண்ட புரட்சி, 1804 ஜனவரி முதல் நாள் ஹெய்தி என்ற விடுதலை நாடாக மலர்ந்தது. நெப்போலியன் அனுப்பிய படையை, முன்னாள் அடிமைகள் முறியடித்தனர். நாய்த்தீவில் சர்க்கரைக் கிடங்குகள் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நடந்தது இது! மதில் உயர உயர, அது காத்து நின்ற அமைப்பின் அடித்தளம் ஆடத் தொடங்கிவிட்டது.

இங்கிலாந்திலும் மனச்சான்று விழித்தது. அடிமையாயிருந்து தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கிய ஒலாடா ஈக்வியானோ, 1789 இல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டான். 1791 ஐ அடுத்து இலட்சக்கணக்கான குடும்பத்தார் மேற்கிந்தியச் சர்க்கரையை உண்பதில்லை என்று உறுதி பூண்டனர். அந்தப் போர் நடந்த களம் அடுப்பங்கரை. நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். வாக்குரிமையற்ற அந்தப் பெண்கள், கடைக்காரனிடம் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லை ஆயுதமாக்கினர். சீர்திருத்தத் தலைவர்கள் "மெல்ல மெல்ல" என்று பேசிக்கொண்டிருந்தபோது, எலிசபெத் ஹேரிக் என்ற பெண்மணி 1824 இல் "உடனே ஒழிக" என்று துண்டு நூல் எழுதித் தலைவர்களையே தலைகுனிய வைத்தார்.

அடிமை வாணிகம் 1807 இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அந்த மசோதாவை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் பேசியவர்களில் ஒருவர், நாம் முன்பு கண்ட ஹிப்பர்ட். வாணிகம் நின்றது, அடிமைமுறை நிற்கவில்லை. 1831 கிறிஸ்துமஸ் நாட்களில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் தலைமையில், கூலியில்லாமல் இனி வேலையில்லை என்று பல்லாயிரம் அடிமைகள் எழுந்தனர். எழுச்சியை நசுக்கினர், முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். 1832 மே மாதத்தில் ஷார்ப் தூக்கிலிடப்பட்டான். அடுத்த ஆண்டே அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது! தூக்குமேடையில் ஏறியவனுக்கும் சட்டப் புத்தகத்தில் ஏறிய பிரிவுக்கும் தொடர்பில்லை என்று சொல்பவர் வரலாறு அறியாதவர். 1975 இல் ஜமைக்கா, ஷார்ப்பைத் தன் தேசிய வீரன் என்று போற்றியது.

விடுதலைச் சட்டம் 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கூடவே இரண்டு கோடிப் பவுன் நட்டஈடும் வந்தது. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு! யாருக்கு நட்டஈடு? முதுகில் சவுக்கடி வாங்கியவனுக்கா? இல்லை, சவுக்குக்குச் சொந்தக்காரனுக்கு! அடிமைக்குக் கிடைத்தது, "பயிற்சி" என்ற பெயரால் மேலும் நான்காண்டு கட்டாய வேலை. அந்த நட்டஈட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி, 2015 இல்தான் அடைக்கப்பட்டது. ஜமைக்காவிலிருந்து வந்து இலண்டனில் பேருந்து ஓட்டியவரும், மருத்துவமனையில் தாதியாய்ப் பணியாற்றியவரும் கட்டிய வரியிலிருந்தும் அந்தக் கடன் அடைந்தது. தம் முன்னோரை விற்றவனுக்குத் தாமே விலை கொடுத்தனர்!

காலியான இடத்துக்கு யார் வந்தார்?

இந்த இடத்தில் கதை நம் வீட்டு வாசலுக்கு வருகிறது.

அடிமை விடுதலை பெற்றான். கரும்பு விடுதலை பெறவில்லை! அதை வெட்ட ஆள் வேண்டும், மலிவான ஆள். தோட்ட முதலாளிகளின் கண் இந்தியாவின் மீது விழுந்தது. டெமரராவில் தோட்டங்கள் வைத்திருந்த ஜான் கிளாட்ஸ்டன், பிற்காலத்தில் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுனுக்கு மேல் நட்டஈடு பெற்றவர். அவருடைய முயற்சியால் 1838 இல் கல்கத்தாவிலிருந்து முதல் இந்தியக் கூலிகள் அங்கே போய் இறங்கினர். அதற்கு முன்பே, 1834 இல், மொரீஷியஸ் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கிவிட்டனர். 1860 இல் சென்னைத் துறையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 342 பேரைக் கொண்டு சேர்த்தது. தமிழரும் தெலுங்கரும் அவர்களில் மிகுதி.

பஞ்சமும் கடனும் மேல்சாதி ஆதிக்கமும் பிடரியைப் பிடித்துத் தள்ள, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, திக்குத் தெரியாத கடலில் சென்றனர் அவர்கள். அடிமைக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் வேறுபாடு உண்டு. கூலிக்காரனுக்கு ஊதியம் உண்டு, ஒப்பந்தத்துக்கு முடிவும் உண்டு. ஆனால் வேலைக்கு வராவிட்டால் சிறை, தோட்டத்தை விட்டு வெளியேறச் சீட்டு என்ற கட்டுக்களைப் பார்க்கும்போது, பழைய விலங்கைத் தேய்த்து மெருகேற்றிப் புதிதென்று விற்றனரோ என்றே எண்ண வேண்டியிருக்கிறது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடியதை அறியாதார் யார்? 1917 இல் இந்த ஆள்பிடிப்பு நிறுத்தப்படுமுன், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்துவிட்டனர். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைக் கண்டு பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம். அந்த எழுத்து அங்கே சென்ற வழி கரும்புத் தோட்டத்து வழி என்பதையும் மறவாதிருப்போம்.

மதிலுக்குள் வெடித்த குரல்

ஆண்டுகள் ஓடின. கிடங்கு நின்றது. மதிலுக்குள் மூட்டை சுமந்த வெள்ளைத் தொழிலாளி சுகவாசியா? அவனும் இல்லை. விடியற்காலையில் வாயிலில் கூட்டமாக நிற்பான். மேஸ்திரி வந்து விரலைக் காட்டி, "நீ வா, நீ வா" என்று பொறுக்குவான். பொறுக்கப்பட்டவனுக்குச் சில மணி நேர வேலை, மற்றவனுக்குப் பட்டினி.

1889 ஆகஸ்டில் இந்த மேற்கிந்தியத் துறையில்தான் பொறி பறந்தது. மணிக்கு ஆறு பென்ஸ் கூலி வேண்டும் என்றனர். பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் இலண்டன் துறைமுகம் முழுவதும் பரவியது. பல்லாயிரவர் ஒழுங்காக அணிவகுத்து நகர வீதிகளில் நடந்தனர். பசி அவர்களைப் பணியவைத்துவிடும் என்று எதிர்பார்த்தனர் முதலாளிகள். கடல் கடந்த ஆஸ்திரேலியாவிலிருந்து தொழிலாளத் தோழர்கள் முப்பதாயிரம் பவுன் அளவுக்கு நிதி திரட்டி அனுப்பினர்! செப்டம்பரில் ஆறு பென்ஸ் கிடைத்தது. கைதேர்ந்த தொழிலாளிக்கு மட்டுமே சங்கம் என்றிருந்த நாட்டில், சுமைதூக்கிக்கும் சங்கம் பிறந்தது. சிந்திய சர்க்கரையை அள்ளிய தாத்தனைக் கள்ளன் என்றனர்; பேரன் அள்ளவில்லை, நிமிர்ந்து நின்று உரிமையைக் கேட்டான்.

அழிவும் சீரமைப்பும்

1940 செப்டம்பர் 7 ஆம் நாள் ஹிட்லரின் விமானங்கள் இலண்டன் துறைமுகத்தின்மீது தீமழை பொழிந்தன. வடகரைப் பண்டகசாலைகள் பற்றி எரிந்தன. ஒன்பதில் எஞ்சி நின்றவை முதலாம் எண்ணும் இரண்டாம் எண்ணுமே. போருக்குப்பின், சரக்கு முழுவதும் பெரிய இரும்புப் பெட்டிகளில் வரும் முறை பரவியது. அந்தப் பெட்டிகளைச் சுமக்கும் பெருங்கப்பல்கள் குறுகிய பழைய துறைக்குள் நுழைய முடியவில்லை. 1980 இல் மேற்கிந்தியத் துறை மூடப்பட்டது. தொழிலாளர் குடும்பங்கள் வேலையிழந்தன. 1981 இல் வளர்ச்சிக் கழகம் ஒன்றை அரசு அமைத்தது; பத்தே ஆண்டுகளில், 235 மீட்டர் உயர மாளிகையை நடுவில் கொண்ட 'கனேரி வார்ஃப்' என்ற பணச் சந்தை எழுந்தது.

எஞ்சிய பண்டகசாலைகளைச் சட்டப் பாதுகாப்பு காப்பாற்றியது. சுவர்களைச் செப்பனிட்டு, தூண்களையும் தூலங்களையும் அப்படியே வைத்து, கட்டடத்துக்கு மறுவாழ்வு தந்தனர். ஒரு பகுதி குடியிருப்பும் உணவகங்களும் ஆயிற்று. முதலாம் எண் கிடங்கில் 2003 இல், ஆற்றங்கரை வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் திறந்தனர்.

சீரமைப்பில் இருவகை உண்டு. செங்கல்லைச் சீரமைப்பது ஒன்று, உண்மையைச் சீரமைப்பது மற்றொன்று. முதல் வகை எளிது. கொத்தனும் தச்சனும் போதும். இரண்டாவதற்குத் துணிவு வேண்டும். 1997 இல் அந்த வளர்ச்சிக் கழகம் என்ன செய்தது தெரியுமா? வெஸ்ட்மக்காட் என்ற சிற்பி வடித்து 1813 இல் நிறுவப்பட்டு, 1943 இல் பாதுகாப்பாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்த மில்லிகன் சிலையைத் தேடியெடுத்து, பண்டகசாலையின் முன்னே மீண்டும் நிறுத்தியது! பழமையை மீட்டனராம். மீட்ட பழமையில் மில்லிகன் இருந்தார். அவருடைய 526 பேர் இல்லை.

அடிமை வாணிகத் தடைச் சட்டத்தின் இருநூறாம் ஆண்டான 2007 இல்தான் இரண்டாவது வகைச் சீரமைப்பு தொடங்கியது. அதே கிடங்கின் ஒரு மாடியில், இலண்டனும் சர்க்கரையும் அடிமைமுறையும் எவ்வாறு பிணைந்திருந்தன என்று காட்டும் நிலையான காட்சிக்கூடம் அமைத்தனர். இலண்டனிலிருந்து அடிமை வேட்டைக்குப் புறப்பட்ட கப்பல்களின் பட்டியல் அங்கே சுவரில் நிற்கிறது. சர்க்கரைப் பீப்பாய் உருண்ட அதே தரையில் நின்று, பீப்பாயின் உண்மை விலையைப் பிள்ளைகள் படிக்கின்றனர்.

சிலை? அது மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாயிலில் நின்றது. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் போலீசாரால் கொல்லப்பட்டதும், உலகெங்கும் கொதிப்பு எழுந்தது. ஜூன் 7 இல் பிரிஸ்டல் நகரில், அடிமை வணிகன் கோல்ஸ்டனின் சிலையை மக்கள் பெயர்த்துத் துறைமுக நீரில் தள்ளினர். இரண்டு நாள் கழித்து, 2020 ஜூன் 9 இல், மில்லிகன் சிலையை உரியவர்களே இறக்கினர். பின்னர் அது அருங்காட்சியகப் பொருளாகச் சேர்க்கப்பட்டது.

சாட்சியும் நற்சான்றும்

"வரலாற்றை அழிக்கிறார்கள்" என்று ஓலமிட்டனர் சிலர். சிலையை அகற்றினீரே, கிடங்கையும் இடிப்பதுதானே என்று எள்ளி நகைத்தனர். கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. பகுத்தறிவாளன் விடை சொல்லியாக வேண்டும்.

கிடங்கு சாட்சி. சிலை நற்சான்று. கிடங்கின் முள் வைத்த கம்பி, எவரையும் புகழவில்லை, நடந்ததைக் காட்டுகிறது. சாட்சியைக் கொல்பவன் குற்றவாளிக்கு உதவுகிறான். ஆகவே கிடங்கு நிற்க வேண்டும், ஒவ்வொரு செங்கல்லும் நிற்க வேண்டும். சிலையோ, "இவர் உத்தமர், வணங்கிச் செல்க" என்று வழிப்போக்கனுக்குச் சொல்லும் தீர்ப்பு. தீர்ப்பு தவறென்று தெரிந்தபின் திருத்தாதிருப்பது வரலாற்றுப் பற்றாகாது, பிடிவாதமாகும். இறக்கிய சிலையை உடைத்தெறியாமல் அருங்காட்சியகத்தில் சேர்த்ததும் சரியே. பீடத்தில் நின்றபோது அது நற்சான்று. இப்போது அதுவும் சாட்சி.

இவ்வளவு செய்தபின் எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காட்சிக்கூடம் எவருடைய வயலையும் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. இரண்டு கோடிப் பவுனில் ஒரு காசு கூட, உழைத்தவன் வழித்தோன்றலுக்குப் போய்ச் சேரவில்லை. நட்டஈடு பெற்ற முதலாளிகளின் பெயரையும் தொகையையும் தேடியெடுத்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013 இல் யாவரும் காணும்படி வெளியிட்டனர். கணக்குப் புத்தகம் திறந்துவிட்டது. கணக்குத் தீர்வது இனிமேல்தான்.

ஆனாலும் புத்தகம் திறந்தது சிறிய செயலன்று. வகுப்பறையில் மன்னர் வரிசையையும் போர் ஆண்டுகளையும் சொல்லிக் கொடுப்பது எளிது. நானும் சொல்லிக் கொடுக்கிறேன். மூட்டை சுமந்தவனின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதுதான் கடினம். அவன் பெயரை எவரும் கல்லில் வெட்டவில்லை. அவனுக்குச் சாட்சியாக இருப்பவை, அவன் தோள் உரசிய தூணும் அவனைத் தடுத்த மதிலும்தான்.

இளைஞர்களே! பழைய கட்டடம் எதன்முன் நின்றாலும் உயரத்தையும் அழகையும் கண்டு வியந்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கட்டியவனுக்குக் காசு எங்கிருந்து வந்தது? சுமந்தவனுக்குக் கூலி என்ன கிடைத்தது? மதில் யாரைத் தடுக்க எழுந்தது? இந்த மூன்றையும் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கேளுங்கள். தேம்ஸ் கரையில் அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் இருந்ததால்தான், கள்ளர் இருந்த பக்கம் எது என்று அந்தச் செங்கற்சுவர் இன்று வாய் திறந்து சொல்கிறது.